சிவகங்கைப் பூங்காவின் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

சித்திரை மாத நண்பகலில் தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் வெறுங்காலோடு யாரும் நிதானமாக நடப்பதில்லை. தளம் அப்படிச் சுடும். கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிவகங்கைப் பூங்காவிலும் அதே வெயில்தான் அடிக்கிறது. ஆனாலும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து உறங்கலாம்.

நிழல்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி விடை. தகரக் கொட்டகைக்குக் கீழேயும் நிழல் உண்டு. அங்கே பத்து நிமிடம் உட்கார முடியாது. வெயிலில் காய்ந்த தகரம் அந்தச் சூட்டை நம் தலைமேல் இறக்குகிறது. வேப்பிலையும் அதே வெயிலைத்தான் வாங்குகிறது. ஆனால் தொட்டுப் பார்த்தால் சுடுவதில்லை. வாங்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே இலை செலவழித்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல வெயிலில் ஒரு வேப்பங்கிளையின் நுனியைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடி, வாயை நூலால் இறுகக் கட்டுங்கள். சற்று நேரத்தில் பையின் உட்புறம் பனி படர்ந்ததுபோல மங்கும். பிறகு துளிகள் சேர்ந்து கீழ்மூலையில் தேங்கும். வேர் உறிஞ்சிய தண்ணீர் தண்டு வழியாக ஏறி, இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாக வெளியேறியதுதான் அது. இலைத்துளை என்று பள்ளியில் படித்தோமே, அந்தத் துளை. செய்துமுடித்ததும் பையை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இலை வெந்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. நன்றாக வளர்ந்த பெரிய மரம், வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், கோடை நாளொன்றில் 100 லிட்டர்கூட வெளியேற்றும். அப்படியானால் 68 யூனிட் வெப்பத்தை அது விழுங்குகிறது. ஒரு டன் ஏசி மணிக்குச் சுமார் 3.5 யூனிட் வெப்பத்தை அகற்றும். மரத்தின் ஒரு நாள் வேலையைச் செய்ய அது 19 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அப்போதும் அறைக்குள் இருந்த சூட்டைத் தெருவில்தான் கொட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் ஐப்பசியில் மரத்தின் இந்த வேலை மந்தப்படும். கத்திரி வெயிலின் வறண்ட பகலில்தான் அதன் முழுத் திறனும் தெரியும்.

‘வேருக்குத் தண்ணீர் கிடைத்தால்’ என்றேன். பூங்காவின் வரலாறு இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. தஞ்சை நகராட்சி 1871-72இல் இதைப் பொதுமக்கள் பூங்காவாக அமைத்தது. நடுவிலுள்ள சிவகங்கைக் குளமோ அதைவிட மிகப் பழையது. நல்ல தண்ணீருக்குப் பெயர்போன குளம் அது. 16ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கர் பெயரில் ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஏரியில் சேர்ந்த மழைநீரைத் தரைக்கடியில் அமைத்த நீர்வழி குளத்துக்குக் கொண்டுவந்தது. ஜலசூத்திரம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். காவிரி டெல்டா ஊர் என்றாலும் ஆற்றை மட்டும் நம்பியிராமல், பெய்த மழையை ஏரியில் பிடித்துக் குளத்தில் நிறுத்திய அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றிலும் ஊற்று இறங்காது. டெல்டாவில் கிணறு வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். அந்த ஈரம் வேருக்குப் போகிறது. வேரிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து காற்றுக்கு. ஏரியும் குளமும் மரமும் ஒரே நீர்வழியின் துண்டுகள்.

வழி அறுந்தால் என்ன ஆகும்? மண் காய்ந்ததும் வேரிலிருந்து செய்தி போகிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் நீரை இழந்து தளர, துளை மூடிக்கொள்கிறது. மரம் பிழைத்துக்கொள்ளும். நிழலும் இருக்கும். குளிர்ச்சி மட்டும் குறைந்துவிடும். இலையும் சூடேறத் தொடங்கும்.

பூங்காக்களை அழகுபடுத்தும்போது அடிமரம் வரை சிமென்ட் கல் பதிக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை ஆழத்தில் இல்லை. மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் பரவியிருக்கின்றன, கிளைகளின் விளிம்பையும் தாண்டி. அவற்றுக்கு மழைநீரும் வேண்டும், காற்றும் வேண்டும். கல் இரண்டையும் தடுக்கிறது. நடைபாதை அவசியம்தான், அதை மரத்தை விட்டு விலக்கிப் போடலாம். கிளை விரிந்திருக்கும் அளவுக்கு முடிந்தவரை மண்ணைத் திறந்து விடலாம். உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே மூடாக்காகப் பரப்பினால், கோடையில் அந்த ஈரம் இன்னும் சில நாள் தாங்கும்.