ஐம்பதுக்கு மேல் மறுபடியும் கவிதை: மூளைக்குள் என்ன நடக்கிறது?

1930களில் தமிழில் புதுக்கவிதைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் ந. பிச்சமூர்த்தி. அப்புறம் பல ஆண்டுகள் கவிதைப் பக்கமே வராமல் இருந்தார். 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய பிறகு மறுபடி எழுத வந்தபோது அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கவிஞர் ஜார்ஜ் ஓப்பனின் இடைவெளி இன்னும் பெரியது. 1934இல் முதல் தொகுப்பு. பிறகு தொழிலாளர் அரசியல், போர், மெக்சிகோ வாசம் என்று கால் நூற்றாண்டு மௌனம். ஐம்பது வயதில், 1958இல், திரும்பி வந்தார். 1969இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

ஆக, திரும்பி வருவது நடக்கிற காரியம்தான். ஆனால் முயன்று பார்த்தவர்கள் பலரும் சொல்வது வேறு: நாலு வரி எழுதுகிறேன், படித்தால் எனக்கே பிடிக்கவில்லை, அடித்துவிடுகிறேன், முன்பு இருந்த அது இப்போது இல்லை. ‘அது’ எங்கே போனது?

சொல்வளம் போகவில்லை. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் ஒன்று, வாழ்ந்து சேர்த்த அறிவு இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. இரண்டாவது வெகுகாலம் ஏறிக்கொண்டே போகிறது. ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் சொல்வளம் அறுபதுகளில்தான் உச்சத்துக்கு வந்தது. கவிதைக்கான சரக்கு இருபது வயதில் இருந்ததைவிட இப்போது அதிகம்.

பிறகு ஏன் தடுக்கிறது? அதே 2015இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் தேர்ந்த கவிஞர்களையும் புதியவர்களையும் மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்துக் கவிதை இயற்றச் சொன்னார்கள், பிறகு அதைத் திருத்தச் சொன்னார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி இரண்டு வேலையிலும் சுறுசுறுப்பாக இருந்தது. முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிதான் சுவாரசியமானது. கவனத்தைக் கட்டுப்படுத்துவது, செய்வதைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளில் பங்கெடுக்கும் பகுதி அது. இயற்றும்போது அது அடங்கிக் கிடந்தது, திருத்தும்போது மறுபடி விழித்துக்கொண்டது. தேர்ந்தவர்களிடம் அந்த அடக்கம் புதியவர்களைவிட அதிகமாகவே இருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிலரே. ஒரு மூளைப் பகுதிக்கு ஒரே வேலை என்று எழுதிவைக்கவும் முடியாது. இருந்தாலும், கவிஞரின் கைத்தேர்ச்சியில் ஒரு பங்கு, தன் விமர்சகரைத் தள்ளிவைக்கத் தெரிந்திருப்பது என்று இதை வாசிக்கலாம்.

இனி வருவது என் ஊகம். முப்பது வருடம் எழுதாமல் இருந்தவர் படிப்பதை நிறுத்தியிருக்க மாட்டார். ரசனை வளர்ந்துகொண்டே இருந்திருக்கும், கை மட்டும் விட்ட இடத்திலேயே நின்றிருக்கும். இருபது வயதில் எழுதிய காதல் கவிதைகளும் அப்படியொன்றும் பிரமாதமாக இருந்திருக்காது. அன்று அதைக் கண்டுபிடிக்கிற கண் இல்லை, அவ்வளவுதான். இன்று அந்தக் கண் இருக்கிறது, அதுவும் முதல் வரியிலேயே குறுக்கே வருகிறது. ‘திறமை போய்விட்டது’ என்று நாம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான்.

நின்றுபோன கைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? நினைவாற்றல் ஆய்வின் முன்னோடி ஹெர்மன் எபிங்ஹாஸ், பைரன் கவிதைகளில் சில பத்திகளை மனப்பாடம் செய்து, 22 ஆண்டுகள் கழித்து மறுபடி படித்துப் பார்த்தார். புதிதாகப் படிப்பதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே மனப்பாடமானது. மிச்சம் சிறியதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. மனப்பாடமும் கவிதை எழுதுவதும் ஒன்றல்ல என்பது சரி. பழக்கம் தடமில்லாமல் அழிவதில்லை என்ற அளவுக்கு இதை நம்பலாம்.

வயது நிஜமாகவே சிரமம் தரும் இடம் ஒன்று உண்டு: சொல் தொண்டைக்குழிவரை வந்து நிற்பது. டெபோரா பர்க், டொனால்ட் மக்கே முதலியோர் 1991இல் தந்த விளக்கப்படி, பொருள் பத்திரமாக இருக்கிறது. அதை ஒலியோடு சேர்க்கும் இணைப்புதான் வயதாலும் புழக்கம் குறைவதாலும் தளர்கிறது. அதனால்தான் ‘அந்த மரம், மஞ்சளாகப் பூக்குமே’ என்று எல்லாம் தெரியும், பெயர் மட்டும் வராது. ஒத்த ஒலியுள்ள வேறு சொல் கண்ணில் பட்டால் தேடிய சொல் கிடைக்கும் வாய்ப்பு கூடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. மோனைக்குச் சொல் தேடுகிறவர் இதைத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கலாம்.

இப்படி நின்றுபோகும் சொற்களில் பெரும்பாலானவை பிறகு வந்துவிடுகின்றன, பல நேரம் தேடாதபோது. எனவே எழுதும்போது அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். கோட்டை நிரப்புவதும், பிடிக்காத வரியை அடிப்பதும் திருத்தும் நாளின் வேலை.