வணிக முத்திரையா, பேரா?

போன மாதம் எங்கள் அச்சுக்கடைக்கு ஓர் அக்கா வந்தார். பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர். பாக்கெட்டில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டுமாம். அளவு, நிறம், விலை எல்லாம் பேசி முடித்த பிறகு கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சிறு வியாபாரிகளுக்கான ஒருநாள் பயிற்சியில் கொடுத்தார்களாம். மேலே கொட்டை எழுத்தில், ‘வலிமையான வணிக முத்திரையையும் நிறுவனக் கலாச்சாரத்தையும் கட்டமைத்தல்’.

“தம்பி, இந்த வணிக முத்திரைய எங்க போயி அடிக்கணும்? எல்எச்டிஎன்னுக்கா?”

சிரிக்க நினைத்துச் சிரிக்காமல் விட்டேன், ஏனென்றால் அவர் கேட்டதில் பிழையே இல்லை. போன வருஷம் மகன் வாடகைக்கு வீடு எடுத்தபோது ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியது அந்த வரி அலுவலகத்தில்தான். தமிழ் தெரிந்தவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். பிழை தாளில் இருக்கிறது. ஆங்கில ‘பிராண்ட்’டுக்குத் தமிழ் என்று போடுகிற இந்த ‘வணிக முத்திரை’யைச் சில வருஷமாகவே துண்டறிக்கைகளில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் முடியாது.

பிராண்ட் என்ற சொல்லின் பூர்வீகத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எரிகிற கொள்ளி என்று பொருள். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கும் மரப்பீப்பாய்க்கும் போட்ட சூடு, அப்புறம் அந்தச் சூட்டுக்குறி காட்டிய சரக்கு, கடைசியாக அந்தச் சரக்கின் பெயரைக் கேட்டதும் வாங்குபவர் மனசில் வருகிற நம்பிக்கை. இன்றைக்குப் பயிற்சிகளில் பிராண்ட் என்று பேசுவது இந்தக் கடைசிப் பொருளைத்தான். நம் மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது படியிலேயே இறங்கிவிட்டார். சூடு என்றால் குறி, குறி என்றால் முத்திரை என்று கணக்கை முடித்துவிட்டார்.

முத்திரை வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு நிற்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நம்மோடு இருக்கிற சொல், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது என்பதுதான் என் வழக்கு. ராஜா ஓலையில் வைத்தது முத்திரை. தபால்தலை மேல் விழுவது முத்திரை. பத்திரத்துக்கு முத்திரைத்தாள். பரதநாட்டியத்தில் கைவிரல் காட்டுவதும் முத்திரை. கடைக்குள்ளேயே கூட அதற்கு இடம் உண்டு. தராசை ஆண்டுதோறும் சோதித்து அதிகாரிகள் வைப்பதும் முத்திரைதான். இதில் நாட்டிய முத்திரையைத் தள்ளிவிட்டால், மற்ற எல்லாமே அதிகாரம் உள்ள ஒருவர் மேலேயிருந்து ஒரு தடவை வைத்துவிட்டுப் போவது. முறுக்கு சுடுகிற அக்காவுக்கு யார் வைக்கப் போகிறார்கள்?

‘முத்திரை பதித்தார்’ என்று நல்ல பொருளிலும் வருகிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். வருகிறது. அது ஒரு பாடகரோ ஓட்டக்காரரோ செய்த சாதனைக்கு வருகிறது. அதே சொல்லோடு ‘குத்து’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘அவன் மேல் முத்திரை குத்திட்டாங்க’ என்றால் அவன் பேர் போச்சு என்று அர்த்தம். நல்லபேர் வாங்க வந்தவரிடம் இந்தச் சொல்லையா எடுத்துக் கொடுப்பது?

சரி, முத்திரை வேண்டாம், ‘வணிகப் பெயர்’ என்று வைத்துக்கொள்வோமே என்பார்கள் சிலர். அதுவும் ஆகாது. மலேசியாவில் வணிகப் பெயர் என்பது எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிகிற பெயர். சொந்தப் பெயரிலேயே வியாபாரத்தைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ‘வணிகக்குறி’யும், அதாவது டிரேட்மார்க்கும், ஆகாது. அது மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் 10 ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற, வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் நிற்கிற சொத்து. அதற்கென்றே 2019-இல் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் இதில் தெளிவு. சட்டத்தில் உள்ளது ‘சாப் டகாங்கான்’, வாடிக்கையாளர் மனசில் உள்ளது ‘ஜெனாமா’. தமிழுக்கு வரும்போது மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறோம்?

அந்தச் ‘சாப்’ பற்றி ஒரு வார்த்தை. இந்தியில் அச்சடிப்பதைக் குறிக்கும் ‘சாப்’ மலாய்க்கு வந்து கோடாலித் தைலம் போன்ற சரக்கின் படக்குறிக்குப் பெயரானது. ஜார்ஜ்டவுனில் பழைய சீனர் கடைப் பலகைகளில் கடைப்பெயருக்கு முன்னால் ஆங்கில எழுத்தில் ‘சாப்’ என்று இருக்கும், அதுவும் இதே குடும்பம். இன்றைக்கும் ரசீதில் ‘கம்பெனி சாப்’ இல்லையென்றால் பணம் வராது. இப்படிக் கையும் ரப்பரும் மையும் சேர்ந்து குத்துகிற பொருள் கண்முன்னே இருக்கும்போது, முத்திரை என்றதும் அந்த அக்காவுக்கு அதுதானே நினைவுக்கு வரும்!

அப்படியானால் தமிழில் பிராண்டுக்கு என்ன? பேர். எழுத்தில் பெயர், வாயில் பேர். ‘பேர் எடுத்த கடை’, ‘பேர்போன அல்வா’, ‘அப்பா பேரைக் காப்பாத்தணும்’, ‘ஒரே நாள்ல பேரைக் கெடுத்துட்டான்’. பிராண்ட் பற்றிப் பயிற்சியில் பாதி நாள் சொல்வதெல்லாம் இந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

பெயர் என்றால் பலகையில் எழுதிய பெயரும்தானே, குழப்பம் வராதா? வராது. தமிழ் அதை வினைச்சொல்லில் பிரித்துவைத்திருக்கிறது. பேர் வைப்பது வேறு, பேர் எடுப்பது வேறு. 60 ரிங்கிட்டுக்கு எஸ்எஸ்எம்மில் பேர் வைக்கலாம். பேர் எடுக்க அங்கே கவுண்டர் கிடையாது. நம்ம ஊர் நாசி கண்டாரையே பாருங்கள். கண்டார் என்பது தோளில் சுமக்கிற காவுத்தடி. தடியின் இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் நடந்து விற்ற தமிழ் முஸ்லிம் ஆட்களுக்குப் பலகை மாட்ட ஏது சுவர்? இருந்தும் இன்னார் குழம்பு என்று தேடித்தான் சாப்பிட்டிருப்பார்கள். அது பேர். கட்டாயம் ஒரு தனிச்சொல் வேண்டும் என்று அடம்பிடித்தால் ‘பிராண்ட்’ என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜார்ஜ்டவுனில் லெபோ பாசாரை இன்னும் கடைத்தெரு என்றே சொல்கிற பெரியவருக்கும் பிராண்ட் புரியும். வணிக முத்திரைதான் ஒருத்தருக்கும் புரியாது.

‘நிறுவனக் கலாச்சாரம்’ கதை இன்னும் மோசம். கலையும் ஆசாரமும் சேர்ந்தது கலாச்சாரம். அதற்கு மாற்றான ‘பண்பாடு’ என்ற சொல்லை 1937-இல் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அகராதி ஆசிரியர் வையாபுரிப் பிள்ளை சொன்னது. நல்ல சொல். ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற கலித்தொகை வரி அதற்குப் பின்னால் நிற்கிறது. ஆனாலும் மொழிக்கும் இனத்துக்கும் நெய்த வேட்டியை ஒரு சமையலறைக்குக் கட்டிவிடுவதா? ஐந்து பேருக்குக் குறைந்த முழுநேர ஆள், அல்லது ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் குறைவு என்றால்தான் இங்கே மைக்ரோ, அதாவது குறுந்தொழில். அக்கா கடையில் அவரும் கூடமாட உதவும் நாத்தனாரும், ஆக இரண்டே பேர். நிறுவனமும் இல்லை, கலாச்சாரமும் இல்லை.

ஆனால் தாளில் சொல்ல வந்த விஷயம் அங்கே இருக்கிறது. “ஒருதரம் சுட்ட எண்ணெய மறுநாள் ஊத்தமாட்டோம், எங்க அம்மா காலத்துலேர்ந்து அதான் வழக்கம்” என்றார். உடைந்த முறுக்கைப் பாக்கெட்டுக்கு அடியில் மறைக்கமாட்டாராம், தனியாக ஒரு டப்பாவில் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாராம். நாத்தனாரும் கேட்காமலே அப்படித்தான் செய்கிறாராம். இதற்கு அவரே சொல் கொடுத்துவிட்டார், வழக்கம். ‘கடை வழக்கம்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலத்தில் எழுதுபவர்களே கூட இதை ‘இங்கே நாங்கள் வேலை செய்கிற விதம்’ என்றுதான் விளக்குகிறார்கள். நாம்தான் அதை வெள்ளி ரதத்தில் ஏற்றுகிறோம்.

அதே தாளில் ‘வாடிக்கையாளர் பயணம்’ என்றும் ஒரு தலைப்பு. எங்கே, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கா? மலாயில் எழுதியதை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தை மெஷினில் போட்டுத் தமிழாக்கி, வந்ததை ஒருத்தரும் வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் அனுப்பினால் இப்படித்தான் வரும். என் கடைக்கு வருகிற தாள்களில் மலாய்ப் பக்கத்தை இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தமிழ்ப் பக்கத்தில் ‘ஓகே’ என்று ஒரு வாட்சாப் செய்தி, அவ்வளவுதான்.

அக்காவின் ஸ்டிக்கர் போன வாரம் தயார். மகன் மயில் படம் வேண்டும் என்று நின்றான், அவர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மா பேர், கீழே ‘அன்றன்றைக்கு மாற்றிய எண்ணெயில் சுட்டது’, அதற்குக் கீழே தொலைபேசி எண்.

அதே வாரம் அந்தப் பயிற்சிக்காரர்களும் எங்களிடமே வந்தார்கள், அடுத்த வகுப்புக்கு 500 தாள் அடிக்க. போன் பண்ணி முத்திரையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டிசைன் முடிஞ்சிருச்சு அண்ணே, அப்படியே அடிச்சிருங்க” என்றார்கள். அடித்துக் கொடுத்துவிட்டேன். பில்லில் கம்பெனி சாப் சரியாக விழவில்லையாம், பணம் இன்னும் வரவில்லை.