கார்ப்பெட் நனைந்தால் முதலில் சிலிக்கானைத் தேடாதீர்கள்

"கண்ணாடி ரப்பர் வழியாத்தான் தண்ணி வருது, நல்லா அடைச்சுக் கொடுங்க" என்று தீர்ப்போடுதான் பாதிப் பேர் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். சமீபத்தில் வந்த ஒரு காரில் முன்கண்ணாடியைச் சுற்றி மூன்று தடவை சிலிக்கான் பூசியிருந்தது, ஆனாலும் பின்சீட்டுக் காலடியில் தண்ணீர் தேங்கியது. பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கர் மாட்டியவர் உள்ளே இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார். கிழிசலுக்கு நேர் கீழே, விரல் அகலம்கூட இல்லாத ஒரு மண் கோடு கார்ப்பெட் வரை இறங்கியிருந்தது. புது ஷீட், அதை ஒட்ட பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுப்பட்டை), அவ்வளவுதான் வேலை.

கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக இறங்கி, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் ஓட்டைகளில் வெளியேற வேண்டும், அது உள்ளே வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். சன்ரூஃபுக்கும் இப்படி மூலைகளில் வடிகால் குழாய் உண்டு, வைப்பருக்குக் கீழேயும் வடிகால் உண்டு, அங்கே சருகு அடைத்தால் தண்ணீர் ஏறி காற்று உள்ளே வரும் வழியாகக் காருக்குள் இறங்கிவிடும். ஆக, பல நேரம் கோளாறு வெளியே போகிற பாதையில்தான்.

சரி, எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள். மழையே இல்லாமல் முன்பக்கக் காலடி நனைந்து, ஏசி நெடுநேரம் ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டு விழவில்லையென்றால் ஏசி டிரெயின் குழாய் அடைத்திருக்கலாம். விரலில் வழவழப்பு, லேசான இனிப்பு வாசனை, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் என்றால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், ஹீட்டர் கோரில் (அந்தக் கூலன்ட் ஓடி, காருக்குள் சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டரில்) கசிவு. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம்.

மழைநீர்தான் என்றால், கார்ப்பெட்டைத் தூக்கி, ஈரத்தைத் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் டிஷ்யூ பேப்பர் ஒட்டி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸில் மெதுவாக, கீழிருந்து மேலாக, ஓரோர் இடமாகச் சில நிமிடம் ஊற்ற வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், ஒழுகாத இடமும் ஒழுகும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே நுழைகிறது என்றே தெரியாது. சன்ரூஃப் குழாயில் காற்றடிக்கவும் வேண்டாம், உள்ளே இணைப்பு கழன்றால் கூரை லைனிங்கையே இறக்க நேரிடும். அடைப்பெடுக்க மெல்லிய நைலான் நரம்பு போதும்.

புளித்த வினிகர் வாசனை வரும் சிலிக்கான் இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும். அதைப் பூசியவர்களின் வண்டியில் பழைய பூச்சைச் சுரண்டவே எனக்குப் பாதி நாள் போகிறது.

அடைத்த பிறகு உலர்த்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கார்ப்பெட் மேலே காய்ந்தாலும் அடியிலிருக்கும் ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சில கார்களில் ஒயர் இணைப்புகளும் கண்ட்ரோல் யூனிட்டும் அதற்கடியிலேயே இருக்கின்றன. சீட்டைக் கழற்றித்தான் உலர்த்த வேண்டும். முதலில் பேட்டரி ஒயரை எடுத்துச் சில நிமிடம் விடுங்கள். சீட்டுக்குப் போகும் ஒயரின் கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அப்புறம் அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டியிருக்கும்.