சானிடைசர்: கிருமிநாசினியா, தொற்றுநீக்கியா?

முத்தியால்பேட்டைச் சித்தி தன் மகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தார். தம்பிக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கம். சொந்தக் குடிப்புக்கு என்றால் அங்கே தடையில்லை. இங்கே யாரும் முயல வேண்டாம். அன்று 20 லிட்டர் வாளியில் நுரை நுரையாக எதையோ ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தான். என்ன அது என்று சித்தி கேட்டதற்கு, "சானிடைசர் அம்மா, கிருமிநாசினி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். கிருமிநாசினி என்றால் சித்திக்குப் பினாயில் இனம். அதிலா குடிப்பதை ஊற்றுவார்கள்? வாளியை மூன்று தண்ணீர் அலசி, அடுப்படித் துணியால் அழுந்தத் துடைத்தும் வைத்தார். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பீர் புளித்துக் கிடந்தது.

அடுப்படித் துணியைவிட அந்தச் சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம்.

லத்தீனில் 'சானுஸ்' என்றால் நலமுள்ள. 'சானிதாஸ்' என்றால் உடல்நலம். பிரெஞ்சில் அது 'சான்த்தே' ஆயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு வாடை பட்ட வீடுகளில் கிண்ணத்தோடு கிண்ணம் மோதிச் சொல்லும் அதே சான்த்தே. குடிக்கும் முன் சொல்லும் வாழ்த்தும், காய்ச்சும் முன் வாளியில் ஊற்றும் மருந்தும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேரில் கொலை இல்லை.

'கிருமிநாசினி' வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அது செய்யாததையும் செய்வதாகச் சொல்கிறது. சானிடைசர் கிருமிகளைக் கேடு செய்ய முடியாத அளவுக்குக் குறைக்கும், அவ்வளவுதான். அடியோடு ஒழிப்பது ஸ்டெரிலைசேஷன். அது அறுவைக் கத்திக்கு வேண்டியது. வெறும் கழுவல் இன்னொன்று. முதலில் கழுவாமல் அழுக்கின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். தவிர, மாவூறலை, அதாவது முளைத்த தானியத்தை ஊறவைத்து வடித்த இனிப்பு நீரை, பீர் ஆக்குவதே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அதற்கு இடம் ஒதுக்கி, வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவதுதான் வேலை.

'துப்புரவு' என்ற சொல்லில் எனக்குச் சபலம் உண்டு. இன்று அது தெருப் பெருக்குவதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் குறளில் (1050) துப்புரவு என்பது நுகரும் பொருள். "துப்புர வில்லார் துவரத் துறவாமை உப்பிற்கும் காடிக்கும் கூற்று." நுகர ஏதும் இல்லாதவர் முற்றத் துறக்காமல் இருப்பது பிறர் வீட்டு உப்புக்கும் கஞ்சிக்கும் எமன் என்கிறார் வள்ளுவர். காடி அங்கே கஞ்சி. புளித்த நீருக்கும் அதே பெயர். இன்று வினிகரையும் காடி என்கிறோம். இன்றைய பொருளில் படித்தால், துப்புரவு இல்லாத வாளியில் காடிதான் மிஞ்சும். வள்ளுவர் மன்னிக்கட்டும்.

ஆனாலும் என் தேர்வு 'தொற்றுநீக்கி'. கெட்டுப்போன பீரைத் தொற்றுப் பட்டது என்றுதான் காய்ச்சுபவர்களும் சொல்கிறார்கள். தம்பி வாங்கும் தொற்றுநீக்கி பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்தது. வாளித் தண்ணீருக்கு 30 மில்லி. அந்த அளவில் நுரையோடு விட்டுவிடலாம், அலசத் தேவையில்லை. பிளீச்சிங் கரைசல் அப்படியன்று, நன்றாக அலச வேண்டும்; அதை அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டில்லை.

பீர் காய்ச்சும் தண்ணீரில் போடும் மாத்திரையையும் சிலர் இந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலந்த அந்த மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டர் குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும். முறிக்காவிட்டால் குளோரின் மாவூறலில் உள்ள பீனால் என்னும் சேர்மங்களோடு சேர்ந்து பீரில் மருந்துக்கடை வாடை ஏற்றிவிடும். ஊரே கிருமிக்காகப் போட்ட குளோரினை எடுப்பது இதன் வேலை. தொற்றுநீக்கி என்று எப்படி அழைப்பது? நம்மிடம் 'தேற்றுதல்' இருக்கிறது. கலங்கல் தண்ணீர் தெளியப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பார்களே, அந்தத் தேற்றுதல். கலங்கிய மனத்துக்கும் அதே சொல்தான். ஆக, இது 'நீர்தேற்றி'.

தம்பி இப்போது வாளியில் "தொற்றுநீக்கி. அலசாதே, துடைக்காதே" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான். புளித்த பீரைச் சித்தி கொட்ட விடவில்லை. மீன் கழுவ ஆகும் என்று ஊருக்குத் திரும்பும்போது இரண்டு புட்டி கொண்டுவந்திருக்கிறார்.