கடை மூடிய வருஷத்தில் காலேஜ் சீட்: கடனுக்கு முன்னால் காகிதத்தைச் சரிபண்ணுங்கள்

வங்கியில் கல்விக் கடன் பார்க்கிறவன் என்பதால் ஜூன், ஜூலை மாதங்களில் எனக்குத் தெரியவரும் குடும்பங்கள் இரண்டு வகை. காலங்காலமாகக் கஷ்டப்படுகிறவர்கள் ஒரு வகை. நல வாரிய அட்டை, உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். தாலுகா ஆபீஸில் யாரை எப்போது பார்க்கலாம் என்று நமக்கே சொல்லித் தருவார்கள். போன வருஷம் வரை நன்றாக இருந்து இந்த வருஷம் சரிந்தவர்கள் இன்னொரு வகை. மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் நொடித்தவர், செல்லூரில் தறியை விற்றவர், திருப்பூரில் வேலை போய் உசிலம்பட்டிக்கே திரும்பியவர், வீட்டுக்காரர் திடீரென்று தவறிப்போன அம்மா. அதிகம் அல்லாடுவது இவர்கள்தான்.

காரணம் எளிது. கையில் காசில்லை, காகிதத்திலோ இன்னும் வசதியானவர்கள். வருமான வரிக் கணக்கில் போன வருஷத்து ஆறு லட்சம் உட்கார்ந்திருக்கும். பையனுடைய பள்ளிக்கூடத்துக்காக எப்போதோ வாங்கிய வருமானச் சான்றிதழிலும் பழைய தொகைதான். உதவித்தொகையும் வட்டி மானியமும் அந்தக் காகிதத்தைத்தான் பார்க்கும், வீட்டு நிலைமையை அல்ல.

ஆகவே முதல் வேலை புது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் பதியலாம், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். பதிவதோடு நிற்காதீர்கள். வருமானம் குறைந்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை நேரில் பாருங்கள். கடை மூடியிருந்தால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்த உத்தரவு, வேலை போயிருந்தால் கம்பெனி கொடுத்த கடிதம், இறப்பு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். கணவர் விட்டுப் போயிருந்தால் கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழையும் இதே இ-சேவையில் கேட்கலாம். அதை வாங்கக் கூச்சப்பட்டு, எங்கிருக்கிறார் என்றே தெரியாத மனிதரின் சம்பளத்தைப் படிவத்தில் எழுதும் அம்மாக்களைப் பார்க்கிறேன்.

திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்: “சார், பழைய சர்டிபிகேட்ல அவரு இருந்தப்ப வந்த வருமானம் இருக்கு. இப்ப குறைச்சு எழுதுனா, பொய் சொல்றோம்னு ஆயிராதா?”

“பழசைக் கொடுத்தாத்தாம்மா பொய்யாகும்.”

சான்றிதழில் எழுதியிருக்கும் தொகை என்னவெல்லாம் செய்யும் என்று பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான மேற்படிப்பு உதவித்தொகைகளுக்கு வழக்கமான வருமான வரம்பு 2.5 லட்சம். தொழிற்கல்விக் கடனுக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் முழு வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத்துக்கு 4.5 லட்சம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியில் 3 சதவீத வட்டிச் சலுகைக்கு 8 லட்சம். அதுவும் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) வருஷத்துக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி உதவித்தொகைக்கும் 8 லட்சம்தான். ஆறு லட்சம் என்று எழுதிய தாள் முதல் இரண்டு கதவுகளையும் சாத்திவிடும்.

வருமானமே பார்க்காத சலுகைகளும் உண்டு. வசதியாக இருந்த வீடுகள் விசாரிக்காமலே விட்டுவிடுவது இவற்றைத்தான். வீட்டில் யாரும் பட்டம் வாங்காமல், பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் பொறியியல் இடம் கிடைத்திருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். கடையை முப்பது வருஷம் நடத்திய அப்பா எட்டாவதோடு நின்றவராக இருப்பார். அந்த வீட்டில்தான் “அதெல்லாம் ஏழைகளுக்கு” என்ற பேச்சு வரும்.

இந்தப் பணமெல்லாம் மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு வரும். “ஆதார் கொடுத்துட்டேன்” என்றால் போதாது. ஆதாரை வங்கிக் கணக்கோடு பொருத்திப் பணத்தை அனுப்பும் என்.பி.சி.ஐ. அமைப்பில் எந்தக் கணக்கைக் கடைசியாக இணைத்தீர்களோ, அதற்குத்தான் போகும். பள்ளியில் திறந்து இரண்டு வருஷம் தொடாத கணக்கு முடங்கியிருக்கலாம். கிளைக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

இனி சிபில், அதாவது நீங்கள் வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை. வியாபாரம் சரிந்தவர்கள் பிள்ளைக்கு அட்மிஷன் வரும் நேரம் பார்த்து கிரெடிட் கார்டு பாக்கியை ‘செட்டில்மென்ட்’ பேசி முடிப்பார்கள். லட்சத்தை நாற்பதாயிரத்தில் முடித்தோம் என்று ஒரு நிம்மதி. சிபில் அறிக்கையில் அது முழுதாகக் கட்டி முடித்த கணக்காக வராது, ‘செட்டில்டு’ என்றே நிற்கும். அடுத்த வங்கிக்கு அது கரும்புள்ளி. கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரர் என்பதால் நேரே பிள்ளையின் மனுவில் வந்து விழும். பேசி முடிக்கத்தான் வேண்டுமென்றால், அப்பாவுக்குப் பதில் அம்மாவைச் சேர்த்துக்கொள்வார்களா என்று முதலில் கிளையில் கேளுங்கள். வங்கிக்கு வங்கி பதில் மாறும், கேட்பதில் நஷ்டமில்லை. சிபிலை மறைத்து மட்டும் மனு போடாதீர்கள். உங்களுக்கு முன்னால் அது எங்கள் திரையில் வந்துவிடும். நடந்ததை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைத்தால் மேலதிகாரியிடம் பேச எனக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

அடமானத்துக்கு வீடில்லையே என்ற பயம் பலருக்கு. வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடும் இல்லை, உங்கள் பங்குத் தொகையும் இல்லை. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் வந்தால் 7.5 லட்சம் வரைக்குமே சொத்தோ மூன்றாம் நபர் ஜாமீனோ வேண்டாம். முதல் வருஷத்தில்தான் கடன் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாம் வருஷத்தில் அப்பா படுத்துவிட்டால் மீதிப் படிப்புக்குக் கேட்கலாம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டு இடமென்றால் விதிகள் இறுகும். சொந்தக்காரர்கள் முன்னால் கௌரவம் குறையக் கூடாதென்று கவுன்சலிங் இடத்தை விட்டுவிட்டு நன்கொடை கொடுத்துச் சேர்ப்பவர்களிடம் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அதே கௌரவம்தான் கந்துவட்டிக்காரனிடம் கூட்டிப்போகிறது. கடன் சாங்ஷன் ஆவதற்குள் பீஸ் கெடு முடிந்துவிடுமென்று வெளியில் வாங்கிக் கட்டிவிட்டு, “லோன் வந்ததும் அடைச்சுக்கலாம்” என்பார்கள். கடன் தொகை கல்லூரிக் கணக்குக்குத்தான் நேராகப் போகும். நீங்கள் கட்டி முடித்ததைத் திருப்பிக் கொடுக்கப் பல கிளைகள் தயங்கும். கெடு நெருங்கினால் கடன் மனுவின் ஒப்புகையை எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் போங்கள். எழுத்தில் தவணை கேளுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். வீட்டு நிலைமையை அதற்கு மறைத்து என்ன ஆகப்போகிறது? கையெழுத்துப் போடப் போகும் முதல் கடன்தாரரே அந்தப் பிள்ளைதானே.

மனு போட்டதற்கு ஒப்புகை வாங்காமல் எந்தக் கிளையை விட்டும் வெளியே வராதீர்கள். “உங்க ஏரியா எங்க பிராஞ்சுக்கு வராது” என்று மட்டும் சொல்லிக் கல்விக் கடன் மனுவைத் திருப்பக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திட்ட விதிப்படி, மறுக்க வேண்டுமானால் கிளை மேலாளர் தனக்கு மேலே உள்ள அதிகாரியின் ஒப்புதலையும் பெற வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் மண்டல அலுவலகத்துக்கும் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் முறையீடு செய்யலாம். மதுரையில் மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம்கள் நடத்தியிருக்கிறது. முகாம் அறிவிப்பு வந்தால் மறுப்புத் தாளோடு போங்கள். எல்லா வங்கி அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.