ஒன்பதாம் நாள் வராமல் போனவர்

"மேடம், நீங்கள் அனுப்பிய ஆள் இரண்டு நாளாக வரவில்லை. இவர்களுக்கெல்லாம் உழைத்துப் பழக்கமில்லை, விடுங்கள்." சென்ற வாரம் ஒரு கிடங்கு மேலாளர் தொலைபேசியில் சொன்னது. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடித் தருவது என் பணி. இந்தப் பேச்சை இந்த ஆண்டில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

வராமல் போனவரைத் தேடிப் போனேன். ஏழாண்டு சிறையில் இருந்துவிட்டு நிபந்தனையுடன் வெளியே வந்தவர். விடியற்காலையிலேயே குளித்து, வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்தோறும் காலையில் கண்காணிப்பு அலுவலர் முன் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் செவ்வாய் காய்ச்சல் என்று சமாளித்தார். இரண்டாவது செவ்வாய் பொய் எதுவும் வாயில் வரவில்லை. நண்பகலில் கிடங்கில் போய் நின்றவரை எல்லோர் முன்னிலையிலும் "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை. எப்படியும் அனுப்பிவிடுவார்கள், நாமே நின்றுகொள்வோம் என்று மறுநாள் முதல் போகவில்லை. அது அவருடைய ஒன்பதாம் நாள்.

"வாரம் ஒரு காலை தாமதமாக வருகிறேன் என்று அனுமதி கேட்டிருக்கலாமே?"

"கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை, அம்மா."

கையெழுத்து நாள் எது என்று நானும் அவரிடம் கேட்கவில்லை. பதினாறு ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன், வெட்கம்தான்.

இப்போது அந்த "உழைத்துப் பழக்கமில்லை"க்கு வருகிறேன். எனக்கு எரிச்சலே இதில்தான். சிறையில் எழுப்புவதற்கு மணி, சாப்பிட மணி, எண்ணிக்கைக்கு வரிசை. கதவை வேறொருவர்தான் திறப்பார். சொல்லாததைச் செய்தால் தண்டனை. அப்படி ஏழாண்டு இருந்தவர் வெளியே வந்ததும், "சொன்னால்தான் செய்கிறார், தானாக எதுவும் செய்வதில்லை" என்று குறைப்படுகிறோம். ஒருவர் தோளில் பெட்டியோடு சரக்கறைக் கதவின் முன் ஐந்து நிமிடம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கதவு பூட்டப்படவில்லை. தள்ளினால் திறந்திருக்கும். யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தார். இதற்குப் பெயர் சோம்பலா? சோம்பேறி முதலில் பெட்டியை இறக்கி வைத்திருப்பான்!

2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வாடிக்கையாளர் சேவை, விற்பனைப் பணியாளர்களை ஆராய்ந்தது. குற்றப் பதிவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வேலையில் நீடித்தார்கள். வேறு இடம் கிடைப்பது அரிது என்பது அவர்களுக்குத் தெரியும். விற்பனைப் பணியில் மட்டும் முறைகேடு சற்றுக் கூடுதலாக இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. யாரை எந்த வேலையில் அமர்த்துவது என்பதை யோசிக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்?

உள்ளே நுழைவது எவ்வளவு கடினம் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் தேவா பேஜர் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பிப் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார். வெள்ளையர்களில் குற்றப் பதிவு இல்லாதவர்களுக்கு 34 விழுக்காடு இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது, இருப்பதாகச் சொன்னவர்களுக்கு 17. கறுப்பர்களுக்கு முறையே 14, 5. இத்தனை கதவுகளைத் தட்டிப் பெற்ற வேலை ஒரு செவ்வாய்க்கிழமையால் போகிறது.

ஆகவே முதலாளிகளே, ஆளை எடுக்கும்போதே கையெழுத்து நாளையும் வாய்தா நாளையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கதை தெரிந்தவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன்.

வெளியே வருகிறவர்களுக்கு: கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "சொல்லாமல் இரு" என்று உறவினர் சொல்லும் யோசனை நான்காம் மாதம் சரிபார்ப்பின்போது வெளிப்படும். அப்போது வேலை போவது பழைய குற்றத்துக்காக அல்ல, புதிய பொய்க்காக. அதற்காக முழுக் கதையும் வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதன் பிறகு என்ன கற்றேன். பழைய தண்டனையைச் சொல்லத் தேவையில்லாத சட்டம் சில நாடுகளில் இருக்கிறது, பிரிட்டனில் 1974 முதலே. உங்கள் நிலை என்ன என்று முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சிறை அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதலையாகிறவரிடம் உரிய அடையாள ஆவணங்கள் இருக்க வேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 108-ஆம் விதி சொல்கிறது. தயவுசெய்து வாசல்வரை வந்த பிறகு தேடத் தொடங்காதீர்கள்.

என் துறை நண்பர்களே, வேலையில் சேர்த்த அன்றே கோப்பை மூடாதீர்கள். நியூயார்க்கில், வெளியே வந்தவர்களுக்கு உடனே தற்காலிக வேலையும் அன்றாடக் கூலியும் தந்த ஒரு திட்டத்தை ஆராய்ந்தார்கள். முதல் ஆண்டுக்குப் பிறகு வேலைவாய்ப்பில் கிடைத்த ஆதாயம் கரைந்துபோனது. ஆனால் விடுதலையான மூன்று மாதங்களுக்குள் சேர்ந்தவர்களிடையே மீண்டும் சிறை செல்வது குறைந்தது. முந்திப் பிடியுங்கள், பிடித்த கையை விடாதீர்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது தொலைபேசியில் பேசுங்கள், "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல்.

அந்தக் கிடங்கில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். இவருக்கு மறுபடியும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சம்பளம் பேசுவதற்கு முன்பே செவ்வாய்க்கிழமையைப் பேசிவிடுகிறேன்.