சைக்ளின்: சுழல்வது புரதமா, அதன் அளவா?

தாவரச் செல் எப்போது பிரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் எதிர்ப்படும் சொல் சைக்ளின். வட்டம், சக்கரம் என்று பொருள்படும் 'குக்ளோஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் வேர். நாம் மிதிக்கும் சைக்கிளுக்கும் அதுவே. ஈற்றில் உள்ள 'இன்' பெப்சின், இன்சுலின் என்பவற்றில் வருவதுபோலப் புரதத்தைக் குறிக்கிறது. டெட்ராசைக்ளின் மாத்திரையோடு இதற்கு உறவில்லை. அங்கே வட்டம் என்பது மூலக்கூறின் நான்கு வளையங்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்துக்காட்ட ஓர் எழுத்தாவது உண்டு, தமிழில் அதுவும் இல்லை.

பெயரிட்டவர் டிம் ஹன்ட். 1982இல், கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதம் கூடிக்கொண்டே போய், ஒவ்வொரு பகுப்பின்போதும் சட்டென மறைந்து, மறுபடி கூடுவதைக் கண்டார். 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசை லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். ஆக, சுழல்வது புரதம் அல்ல, அதன் அளவு. இதை விட்டுவிட்டு 'சுழலி' என்று பெயர்த்தால் விசையால் சுற்றும் ஏதோ ஓர் உறுப்பு என்றே படிப்பவர் நினைப்பார். 'சுழற்சிப் புரதம்' பொருந்தும். செல் சுழற்சி என்ற வழக்கோடும் ஒட்டும்.

சைக்ளின் தனியாக எதையும் செய்வதில்லை. சிடிகே என்னும் நொதியோடு சேர்ந்தால்தான் அந்த நொதி மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். இதைச் 'சைக்ளின் சார் கைனேஸ்' எனலாம். தாவரங்களில் டி வகைச் சைக்ளின்கள் முதல் கதவைத் திறப்பவை, அதாவது டிஎன்ஏ இரட்டிப்புக்குள் செல்லைச் செலுத்துபவை. ஆய்வுக்கூடங்களில் மாதிரியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இவ்வகை மரபணுக்கள் 10. செல் பகுப்பைத் தூண்டும் சைட்டோகைனின் ஹார்மோன் இவற்றில் ஒன்றான டி3;1 மரபணுவைத் தூண்டுகிறது. அதன் புரதம் சிடிகேஏ;1 என்ற சிடிகே நொதியுடன் இணைந்து, பகுப்புக்குத் தடையாக நிற்கும் ஆர்பிஆர் புரதத்தில் பாஸ்பேட் ஏற்ற, ஆர்பிஆரின் பிடியிலிருந்த இ2எஃப் என்ற மரபணு இயக்கும் புரதம் விடுபட்டு டிஎன்ஏ இரட்டிப்புக்கான மரபணுக்களை இயக்குகிறது. பகுப்பை ஒட்டிய கட்டத்தில் பி வகைச் சைக்ளின்களும், விலங்குகளிலும் ஈஸ்ட்டிலும் இல்லாத சிடிகேபி நொதிகளும் வருகின்றன. கேஆர்பி என்பவை சிடிகே நொதிகளைத் தடுக்கும் புரதங்கள். இவற்றை மிகையாக வெளிப்படுத்திய செடியில் இலை சிறுத்து, ஓரம் பல்பல்லாகி, செல்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்திருக்கும்.

பெயரின் பொருளைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பி வகையைச் சேர்ந்த பி1;1 சைக்ளினின் முன்முனையில் 'அழிப்புப் பெட்டி' என்னும் குறுகிய அமினோ அமிலத் தொடர் இருக்கிறது; பகுப்பின் நடுவே யுபிக்விட்டின் என்ற அழிப்பு அடையாளம் ஏற்றப்பட்டு, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் அந்தப் புரதம் சிதைவது இதனால்தான். இம்முன்முனையை, நீல நிறம் உண்டாக்கிக் காட்டும் கஸ் நொதியின் மரபணுவோடு இணைத்துச் செடியில் செலுத்தி, வேர் நுனியை அந்நொதி நீலமாக்கும் எக்ஸ்-குளுக் கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், பகுப்பை நெருங்கிய, பகுப்பில் இருக்கும் செல்கள் மட்டும் தனித்தனி நீலப் புள்ளிகளாகத் தெரியும். பெட்டியை விட்டுவிட்டு, மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியான ஊக்கியை மட்டும் இணைத்தால் கஸ் சிதையாமல் தங்கிவிடும். பிரிந்து முடித்த செல்லும் நீலமாகி, செல்கள் பிரியும் பகுதியான ஆக்குத்திசு முழுவதும் அப்பியதுபோல் இருக்கும். இன்னொரு பொறி: டிஎன்ஏ சேதமும் பி1;1 மரபணுவைத் தூண்டும். கதிர்வீச்சுக்கு உட்பட்ட வேரில் நீலம் கூடினால் பகுப்பு கூடியது என்று எழுதிவிடக் கூடாது. செல்கள் பிரியாமல் தேங்கி நிற்கவும் கூடும். சாயமேற்றி, பகுப்பில் உள்ள செல்களை நேரில் எண்ணித்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எழுதும்போது வரும் சிக்கல் ஒன்று. அரபிடாப்சிஸ் ஆய்வில் பெயர் எழுதும் வழக்கப்படி, இயல்பு மரபணுவுக்குச் சாய்ந்த பெரிய எழுத்து, திரிபுக்குச் சாய்ந்த சிறிய எழுத்து, புரதத்துக்கு நிமிர்ந்த பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. எனவே 'டி3;1 மரபணு', 'டி3;1 திரிபு', 'டி3;1 புரதம்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லியே ஆக வேண்டும். அரைப்புள்ளி பெயரின் ஒரு பகுதி. டி3 குழுவில் முதலாவது என்பதே அதன் பொருள், அதைக் காற்புள்ளியாகத் திருத்திவிட வேண்டாம்.